மேலே மேற்கு

தப்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். பெயர் கனகா. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வேறு, அது இங்கே வேண்டாம்.

அன்று வரைபடப் பாடம். பஸ்ஸில் போய் வந்த ஏதாவது ஓர் ஊரில், பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு வீட்டுக்கு வழி வரைந்து வரச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் பஸ்ஸை மட்டும் வரைந்திருந்தார்கள். திவ்யாதான் உருப்படியாகச் செய்திருந்தாள். கீழே பஸ் ஸ்டாப், நேர் மேலே தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து இடது பக்கம் மூன்றாவதாகப் பச்சைக் கதவு வீடு. ஒரே ஒரு தப்பு. தாளின் உச்சியில் ‘மேற்கு’ என்று எழுதியிருந்தாள்.

“மேல இருக்கது மேக்குதான டீச்சர்?” என்றாள்.

வருஷா வருஷம் யாராவது ஒருத்தி இப்படிக் கேட்பாள். அதை அடித்துவிட்டு ‘வடக்கு’ என்று எழுதினேன். படம் பிடித்து, ‘சபாஷ் திவ்யா’ என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் அவள் அம்மா அழகம்மாளின் எண்ணிலிருந்து பதில் வந்தது. ‘இது எந்த ஊரு டீச்சர்? யாரு கூட போனா?’

திவ்யாவைக் கேட்டு, ‘கப்பலூராம். உங்களோடுதான் போனாளாம், அதற்குள் மறந்தாச்சா?’ என்று கிண்டலாக எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழகம்மாளுக்கு எழுதத் தெரியாது. எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். அந்த எண்ணைக் கூப்பிட்டேன். “சொல்லுங்க டீச்சர்” என்றது ஓர் ஆண் குரல். பதறிப்போய் வைத்துவிட்டேன்.

திவ்யாவின் அக்கா பாண்டிமீனா நான்கு மாதம் முன்பு வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டுப் போனவள். கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று அவள் சித்தப்பா வெள்ளைத்துரை டீக்கடையில் வைத்தே சொல்லியிருந்தான். திவ்யாவைத் தனியே அழைத்தேன்.

“பச்சைக் கதவு யார் வீடு?”

“மீனாக்கா வீடு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு. நான் சொல்லலயே டீச்சர், வரைஞ்சேன்.”

“தொட்டிப் பக்கம் எப்ப நடந்தீங்க?”

“சாயங்காலம். மூஞ்சில வெயில் அடிச்சுச்சு, கண்ணே கூசிருச்சு.”

சாயங்கால வெயில் முகத்தில் அடித்தால் அது மேற்கு. அவள் எழுதியதுதான் சரி. படத்தைக் கெடுத்தது நான். கெடுத்ததே நல்லதாகப் போயிற்று, வெள்ளைத்துரையும் அவன் ஆட்களும் வடக்கே போய்த் தேடட்டும். உடனே போலீசுக்குப் போன் செய்து சரியான வழியைச் சொன்னேன். வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். செய்த தப்பு தப்பாகவே இருக்கட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்று மட்டும்தான்.

மூன்றரை மணிக்கு வெள்ளைத்துரை வகுப்பு வாசலில் வந்து நின்றான். கேட்டுக்கு வெளியே பைக்குகளில் நான்கு பேர். அவன் கையில் அழகம்மாளின் போன்.

“நல்லா சொல்லிக் குடுத்துருக்கீக டீச்சர். ஆனா வடக்க தொட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லையே. அம்புட்டுத் தூரம் போயிட்டு வாரோம்.”

“சின்னப் பிள்ளை வரைந்ததுங்க. எல்லாமே தப்பு” என்றேன்.

திவ்யாவின் முகம் சுண்டிப்போனது. காலையில் சபாஷ் வாங்கிய பிள்ளை. சட்டென்று எழுந்து நின்றாள்.

“தப்பு இல்ல சித்தப்பா. நான் மேக்குன்னுதான் போட்டேன். டீச்சர்தான் அடிச்சிட்டு வடக்குன்னு எழுதிட்டாக.”

“திவ்யா, உட்கார்!” என்று கத்தினேன். அவன் போனில் இருந்த படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான்.

“வாரேன் டீச்சர்.”

சரியான பதில் சொன்னால் கைதட்டுவது எங்கள் வகுப்பில் வழக்கம். இருபத்தாறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். வெளியே பைக்குகள் கிளம்பின. நான் மறுபடி போலீஸ் எண்ணை அழுத்தினேன்.

“எந்த இடம்மா? முதல்லருந்து சொல்லுங்க” என்றார் எடுத்தவர்.