வாய்ப் பொருத்தம்

பொருத்தம் என்றால் என்ன என்பதை மனிதகுலத்தில் முதன்முதலாகச் சரியாகக் கண்டுபிடித்தவன் நான். இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். நட்சத்திரம் பார்த்தார்கள், ராசி பார்த்தார்கள், ரஜ்ஜு பார்த்தார்கள். ஒருவரும் வாயைப் பார்க்கவில்லை.

என் கோட்பாடு ஒரே வரி. ஒருவன் இன்னொருவனின் வாய்க்குள் நுழைய முடியாவிட்டால், இருவரும் சேர்ந்து வாழலாம். மற்றதெல்லாம் அட்சதை.

இதை நான் கண்டுபிடித்தது வேட்டை மீன்களுக்காக. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் சாதுவான மீன் வளர்ப்பது யாரும் செய்யக்கூடிய காரியம். அடுத்த மீனை விழுங்குவதற்கென்றே பிறந்தவையாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரே தொட்டியில் விட்டு, ஒன்றையொன்று விழுங்காமல் காப்பாற்றுவதுதான் கலை. விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். இந்தக் கலை எனக்குத் தானாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சந்தேகமெல்லாம் வீட்டில்தான் இருந்தது. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், மாட வீதிக்குப் பின்னால். வெங்காயம் உள்ளே வந்தாலே அம்மா ரமாமணி அதை விசாரித்துவிட்டுத்தான் அனுமதிப்பாள். அப்பா ஹயக்ரீவன் பள்ளியில் சம்ஸ்கிருத ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பார். அந்தக் கூடத்தில்தான் நாலடித் தொட்டி ஒன்றுக்கு நான் இடம் கேட்டேன்.

அப்பா பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மாவைக் கேளு" என்றார். அம்மா இரண்டு நாள் யோசித்தாள்.

"வச்சுக்கோ. ஆனா நம்மாத்துல ஒரு ஜீவன் இன்னொரு ஜீவனை முழுங்கப்படாது. ஒரு தடவை முழுங்கித்துன்னாலும் தொட்டி அன்னிக்கே வாசலுக்குப் போயிடும். அப்புறம் அழப்படாது."

"இறால் போடணுமேம்மா?"

"அது போற எடத்துக்கு ஏற்கெனவே போயாச்சு. அது வேற. கொல்லை வழியா வரட்டும். நம்மாத்து ஃபிரிட்ஜைத் தொடப்படாது."

இப்படித்தான் என் மீன்களின் சாப்பாடு ஒலிமுகமதுபேட்டையில் சுபியான் வீட்டு ஃபிரீசரில் குடியேறியது. சுபியான் என் பள்ளித் தோழன், இப்போது மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறான். அவன் அம்மா ஜோஹரா தினமும் சாயங்காலம் எனக்காக நாலு இறாலை ஒரு டப்பாவில் எடுத்து வைப்பார். "ஐயர் வூட்டுப் புள்ள இறாலுக்கு வந்துக்கினு இருக்குது" என்று தெருவில் சிரித்தார்கள். ஐயர் இல்லை, ஐயங்கார் என்று ஒருமுறை திருத்தினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

மீன் விடுவதற்கு முன்னால், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளர்வதற்காக உப்புத் தண்ணீர் ஆறு வாரம் பழுக்க வேண்டும். ஆகவே ஆறு வாரம் எங்கள் கூடத்தில் விளக்குப் போட்ட வெறும் தண்ணீர் ஒன்று இருந்தது. ஜாதகத்தோடு வந்தவர்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஓரிக்கையிலிருந்து வந்த ஒருவர் கொஞ்சம் தீர்த்தம் கேட்டார்.

ஏழாவது வாரம் சுபியான் கடைக்கு ஸ்கேலோடு போனேன். முதலில் ஒரு சிங்கமீன் எடுத்தேன்; உடம்பெல்லாம் விசிறி விசிறியாக முள், நடையில் ஒரு ஜமீன்தார் தோரணை. இரண்டாவதாக அஞ்சாலை. பாம்பு மாதிரியே இருக்கும் விலாங்கு, வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்டது. மூன்றாவதாகத்தான் அந்தக் களவா. பழுப்பு நிறம், தடித்த உதடு, எதிலும் அக்கறையில்லாத முகம்.

"களவா வேணாம் மச்சி" என்றான் சுபியான். "மத்த ரெண்டும் ஒத்துப்போவும். இது சரிப்படாது."

"வாயை அளந்துட்டேன்டா. ரெண்டு சென்டிமீட்டர். யாரும் உள்ள போக முடியாது."

"அளக்கச்சொல்ல வாயை மூடிக்கினு இருந்துச்சா, தொறந்துக்கினு இருந்துச்சா?"

இந்தக் கேள்வி எனக்கு அறிவியல்பூர்வமாகப் படவில்லை. மூன்றையும் வாங்கி வந்தேன்.

அன்றே ஒரு தாளில் அப்பாவின் பாணியிலேயே கட்டம் போட்டு, மூன்று மீன்களின் வாய், உடல் நீளம், சுபாவம் எல்லாம் எழுதி, கீழே 'மூன்றுக்கு மூன்று. உத்தமம். விவாகம் செய்யலாம்' என்று முடித்துத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். "விவாகத்துக்கு 'வி' சரியாப் போட்டிருக்கே" என்று மட்டும் சொன்னார்.

என் அக்கா ஸுஷ்மா வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். அவள்தான் தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா பண்றதும் இதேதானேடா" என்றாள்.

"எது?"

"யோனிப் பொருத்தம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் இருக்கு. பூனைக்கும் எலிக்கும் ஆகாது, பசுவுக்கும் புலிக்கும் ஆகாது. போன மாசம் வந்த வரன் புனர்பூசம், பூனை. நான் மகம், எலி. தட்டிப் போயிடுத்து."

"ஒரு பூனை உன்னை வேண்டாம்னு சொல்லிடுத்தா?"

"அவாத்துல சொன்னா. பூனை நல்ல பையன்தான். போட்டோ பார்த்தேன்."

நான் இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாவது நாள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் 'எலிக்குத் தகுந்த வரன் தேவை, பூனைகள் மன்னிக்கவும்' என்று ஒரு பக்கம் எழுதினேன். இருபத்தோராம் நூற்றாண்டில் மிருகப் பட்டியலைப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களை நினைத்தால் தனக்கு இரக்கமே வருகிறது என்று கட்டுரையாளர் அதில் குறிப்பிட்டிருந்தார். ஸுஷ்மா அதைப் படித்துவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உன் மீனுக்குப் பார்க்கறேன். சிங்கத்துக்கு யானைதான் பகை. பாம்புக்குக் கீரி. அப்போ சிங்கமும் பாம்பும் சேரும், தாராளமா இருக்கட்டும். களவா..." பக்கத்தைத் திருப்பினாள். "களவான்னு ஒரு மிருகமே இதுல இல்லைடா. இல்லாததைக் கொண்டுவந்து சேர்த்திருக்கே."

"போடி எலி" என்றேன்.

மூன்று வாரம் எல்லாம் உத்தமமாகவே போயிற்று. நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாகறலிலிருந்து அம்சவேணி என்ற அம்மாள் கணவரோடு வந்திருந்தார். வீட்டில் இரண்டு தறி ஓடுகிற குடும்பம். பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பத்துப் பொருத்தத்தில் ஆறுதான் தேறியது. செய்யலாமா, வேண்டாமா என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, விஞ்ஞானத்தின் சார்பில் புன்னகை செய்துகொண்டிருந்தேன்.

அப்போது களவா வாயைத் திறந்தது.

அதற்கு அப்படி ஒரு வாய் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மடித்து வைத்திருந்த குடையைப் பட்டென்று விரித்த மாதிரி இருந்தது. அஞ்சாலையின் வால் அதற்குள் போயிற்று. தொடர்ந்து இடுப்பு போயிற்று. பாம்புக்கு இடுப்பு உண்டா என்று யோசிக்க நேரமில்லை. மிச்சப் பாதி வெளியே துடித்தது.

"அம்மா!" என்று ஸுஷ்மா கத்தினாள். "முழுங்கறது!"

இதைவிடச் சுருக்கமாக ஒருவன் வாழ்க்கையை யாரும் முடித்ததில்லை. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சிங்கமீன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. பெரிய குடும்பத்துப் பிள்ளை.

அப்போது அஞ்சாலை ஒரு காரியம் செய்தது. வெளியே இருந்த தலையை வளைத்து, தன் உடம்பையே சுற்றி, அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தது. உடம்பில் அழகாக ஒரு முடிச்சு விழுந்தது. அந்த முடிச்சைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், களவாவின் தடித்த உதட்டில் முட்டுக் கொடுத்து, ஒரே உந்து. வால் முழுசாக வெளியே வந்தது. அஞ்சாலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பாறைக்குள் போய்விட்டது. களவா ஒன்றும் நடக்காதது போல வாயை மூடிக்கொண்டது. இரண்டு சென்டிமீட்டர்.

"முழுங்கித்தா, இல்லையா?" என்றாள் அம்மா.

"பாதி" என்றாள் ஸுஷ்மா. கூடப் பிறந்தவள்.

"பாதின்னா முழுங்கினதுதான். சுபியானைக் கூப்பிடு. தொட்டி இன்னிக்கே—"

"அம்மா, இருங்கம்மா" என்று அம்சவேணி எழுந்தார். அவர் கண் தொட்டியை விட்டு நகரவே இல்லை. "நான் பார்த்துக்கினுதானே இருந்தேன். முடிச்சு போட்டுச்சுங்கம்மா. தறியில இழை அறுந்தா நாங்க போடுவோமே, அந்த மாதிரி. முடிச்சு விழுந்ததும் அது விட்டுடுச்சு." கணவர் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துக்குக் கேக்க வந்த எடத்துல முடிச்சு விழுந்துக்குது. இன்னாத்துக்குப்பா இன்னும் யோசிக்கிறே?"

கணவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாஸ்திரத்துல இதுக்கு நேரடியா வசனம் இல்லை" என்றார். "விரோதமாவும் இல்லை."

"போதும் சாமி" என்றார் அம்சவேணி. "பேசி முடிச்சுடலாம்." அம்மா பக்கம் திரும்பி, "நல்ல சகுனம் காட்டுன தொட்டிம்மா. அதைப் போயி வாசல்ல வெப்பாங்களா?" என்றார்.

அம்மாவின் முகத்தில் சட்டமும் சகுனமும் கொஞ்ச நேரம் வாதாடின. வந்தவர்களுக்கு முன்னால் சகுனத்தைத் தோற்கடிப்பது மரியாதையில்லை.

"அந்தத் தடியன் இப்பவே போகட்டும்" என்றாள் கடைசியில், களவாவைக் கரண்டியால் காட்டி. "தொட்டி இருக்கட்டும்."

"அதுக்குப் பதிலா இன்னொண்ணு?" என்றேன். இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

"கொண்டுவா. இந்தத் தடவை ஒழுங்காப் பார்த்துக் கொண்டுவா. இனிமே பாதி, கால்வாசின்னு எங்கிட்ட வந்தே, தொட்டியோட நீயும் வாசல்ல."

அம்சவேணி கேசரியை மறுத்துவிட்டுக் காப்பி மட்டும் குடித்தார். போகும்போது தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் மூக்குத்தியைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்டார். பாறைக்குள்ளிருந்து அஞ்சாலை தலையை நீட்டி அவரைப் பார்த்தது. பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகை இந்த வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்குக் களவாவை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு ஒலிமுகமதுபேட்டைக்குப் போனேன். சுபியான் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"வாய் ரெண்டு சென்டிமீட்டரா?"

"பேசாம எடுத்துக்கோடா."

"எடுத்துக்கறேன்பா. தனித் தொட்டியில ராஜா மாதிரி இருக்கட்டும். கோச்சிக்காதே." களவாவை விட்டுவிட்டு, மூலையிலிருந்த சின்னத் தொட்டியைத் தட்டிக் காட்டினான். "இதைப் பாரு. நாய்மூஞ்சிப் பேத்தை. சின்ன வாய். இதும் எதையும் முழுங்காது, இதையும் எவனும் முழுங்க முடியாது. புடிச்சா பலூன் மாதிரி ஊதிக்கும். வயிறு நெறைய இறால் போட்டுக்கினு இருந்தீன்னா சிங்கத்து துடுப்புல வாய் வெக்காது. அளந்துக்கோ."

அளந்தேன். ஒரு துண்டு இறாலைக் காட்டி வாயைத் திறக்க வைத்தும் அளந்தேன். உடல் நீளம், சுபாவம், எந்த வரிசையில் தொட்டியில் விட வேண்டும், முள், விஷம், எல்லாம் நோட்டில் எழுதினேன். பேத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நிஜமாகவே நாய்க்குட்டி மாதிரி, வாலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது.

"இன்னா மச்சி, சயின்ஸ் இன்னா சொல்லுது?"

"நூத்துக்கு நூறு பொருந்தறது."

"பேக் பண்ணட்டா?"

"ஒரு நிமிஷம் இரு. போன் வருது."

போன் வரவில்லை. உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் அப்பா குளிக்கப் போன நேரத்தில் எடுத்த போட்டோ போனில் இருந்தது. எழுத்து பொடியாக இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். திருவாதிரை, மூலம், நாய். விரலை வரிசையோடு நகர்த்திக்கொண்டே போனேன். நாய்க்குப் பகை மான் மட்டும்தான். சிங்கம் இல்லை. பாம்பு இல்லை. தவறிப் படித்திருப்பேனோ என்று இன்னொரு தடவையும் பார்த்தேன்.

திரும்பி வந்து, "பேக் பண்ணுடா" என்றேன்.