நெற்றிப் பிளாஸ்திரி

அறையில் இருந்தவர்கள்: மூக்கு டாக்டர், மயக்க டாக்டர், நர்ஸ் அக்கா, கண்ணாடி வெட்டும் தொழிலாளி ஒருவர், அவரை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த வார்டு ஆள். கண்ணாடிக்காரர் மேசையில் கிடந்தார். மற்றவர்கள் நின்றார்கள்.

வார்டு ஆளுக்குப் பட்டப்பெயர் பளபள. எதைக் கண்டாலும் துடைத்துவிடுவான்.

கண்ணாடிக்காரருக்கு மூக்கின் நடுச்சுவர் கோணல். வலது துளைக்குள் சுருண்டு நிற்கும் மூன்று சதை மடிப்புகளையும் அது நெருக்கியடித்திருந்தது.

"மூக்குக்கு முன்வாசல் ரெண்டு. பின்பக்கம் போனா ஒரே கூடம்," என்றார் மூக்கு டாக்டர். "அங்க வழியிற ரத்தம் நேரா தொண்டைக்குத்தான்."

அதற்காக, வாய்வழியே மூச்சுக்கு ஒரு குழாயைச் செருகி, ரத்தம் இறங்காதபடி அதைச் சுற்றித் தொண்டையில் ஈரத்துணியைத் திணித்த மயக்க டாக்டர், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி 'துணி உள்ளே' என்று எழுதினார். துணியை எடுத்த பிறகே பிளாஸ்திரியை உரிப்பது அந்த அறையின் வழக்கம்.

அறுவை முடிந்து நடுச்சுவர் நேரானது. இரண்டு துளைகளையும் பஞ்சால் அடைத்தார்கள். மயக்க டாக்டர் மயக்கம் தெளிவிக்கும் ஊசியை எடுக்கத் திரும்பினார்.

"டேய் பளபள, மூஞ்சியத் துடைச்சு விடு," என்றார் நர்ஸ் அக்கா. "இப்படியே பாத்தா இவரு சம்சாரம் மயங்கி விழும். அதுக்கு வேற ஒரு மேசை போடணும்."

கன்னம், மீசை, நெற்றி என்று துடைத்தான். ரத்தத்தில் ஊறிய பிளாஸ்திரி பாதி கழன்று தொங்கியது. துணியை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தான். கேட்கவில்லை. உரித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மயக்க டாக்டர் நெற்றியைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. வாயில் செருகியிருந்த குழாயை உருவினார்.

கண்ணாடிக்காரரின் மார்பு எக்கி எக்கித் தணிந்தது. மூக்கிலும் வழியில்லை, வாயிலும் வழியில்லை. முகம் நீலம் பாரித்தது. துணியைக் கண்டுபிடித்து இழுப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

"துணிக்கணக்கு நீதானம்மா பாக்கணும்?" மயக்க டாக்டர் நர்ஸ் அக்காமேல் பாய்ந்தார்.

"நெத்தியில பிளாஸ்திரி இல்லையே சார்... நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

விஷயம் அறிந்த ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் நர்ஸ் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பளபள பிணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

கண்ணாடிக்காரரின் மனைவி போர்வையை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தூங்குற மாதிரியே இருக்காரு. யாரு தம்பி இவ்வளவு சுத்தமா துடைச்சது?"

"நான்தாங்கக்கா."

சொன்ன பிறகு அவனால் அங்கே நிற்க முடியவில்லை. தலைமை டாக்டர் அறைக்குள் போய், பிளாஸ்திரியை மேசைமேல் வைத்தான்.

"அக்கா மேல தப்பில்ல சார். இத உரிச்சது நான்."

தலைமை டாக்டர் எழுத்தைப் படித்தார். நர்ஸ் அக்காவை வெளியே போகச் சொன்னார். பிறகு எழுந்து வந்து, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டி, "இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?" என்றார்.