நரம்பு வெட்டாத இலை

அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவன் மகா குசும்பன். கதவுப் பட்டறையில் மற்றவர்கள் உளியும் கொட்டாப்புளியுமாகத் தலைகுனிந்து கிடக்க, இவருக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. பேசாவிட்டால் மனுஷனுக்குச் சோறு செரிக்காது என்று பெண்டாட்டியே சொல்லுவாள். பெரிய வீடுகளுக்குத் தலைவாசல் கதவு செதுக்கும் பட்டறை அது. செதுக்குகிறவர்கள் அத்தனை பேரும் முஸ்லிம்கள், வாங்குகிறவர்கள் வேறு மதத்தார். பட்டறைக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்ட வரிசை வீடுகளில்தான் எல்லாருக்கும் குடித்தனம்.

அங்கே ஆராய்ச்சி பண்ண ஒரு பெண் வந்தாள். தொழிலும் மார்க்கமும் இவர்களிடம் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று எழுதப்போகிறாளாம். எதற்கெடுத்தாலும் கேள்வி. அதனால் கேள்வியம்மா என்றே ஆகிப்போனாள். கெட்ட பெண் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மரத்தூளில் சம்மணம் போட்டு உட்காருவாள். ரேடியோவின் மனைவியை வாய் நிறைய அக்கா என்பாள். ஒருநாள் ரேடியோவிடம், இவ்வளவு அழகாகச் செதுக்குகிறீர்கள், உங்களை யாருக்குமே தெரியவில்லையே என்று ஆதங்கப்பட்டாள். பாவி மனுஷன், அங்கேயே உருகிவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் பேச்சைப் பாதியில் வெட்டாமல் கேட்டவர் யார் இருக்கிறார்கள்? தங்களுக்குள் மட்டும் வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார்.

கதவு முழுக்கக் கொடி படர்ந்திருக்கும். கீழே, கீல் பக்கமாக, ஒரே ஒரு இலைக்கு மட்டும் நரம்பு வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அவருடைய அத்தா காலத்துக்கும் முந்திய வழக்கம்.

"குறையில்லாதவன் அல்லாஹ் ஒருத்தன்தாம்மா. நம்ம கையால முழுசா முடிச்சிட்டோம்னு நெனப்பு வந்துடக் கூடாது. அதான் ஒண்ண விட்டு வைக்கிறது."

கேள்வியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரேடியோவுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் ஒரு கூட்டத்தில், படம் போட்டுக் காட்டி, இதைப் பெருமையாகத்தான் பேசினாள். அதிலிருந்து ஒரு துண்டை எவனோ வெட்டி எடுத்துப் போனில் பரப்பினான். கைமாறக் கைமாறக் கதைக்குக் கொழுப்பு ஏறியது. வேண்டுமென்றே குறைக் கதவு தருகிறார்களாம், நம் வீடு விளங்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டு செய்கிறார்களாம். ஒரு வீட்டில் கல்யாணம் தட்டிப்போனதற்கும், இன்னொரு வீட்டில் வியாபாரம் படுத்ததற்கும் அந்த இலைதான் காரணமாயிற்று. கதவு வாங்கிய ஒவ்வொருவரும் குனிந்து குனிந்து இலையைத் தேடினார்கள். கிடைக்காமலா இருக்கும்?

முதலாளி வந்து நின்றார். அவர் ஒன்றும் அரக்கன் இல்லை. வீடு வீடாகப் போய், அவர்கள் கண்ணெதிரே அந்த இலையை முடித்துக் கொடுத்துவிட்டால் ஆறிப்போகும் என்றார். இல்லாவிட்டால் பட்டறையில் வேறு ஆட்களைத்தான் வைக்க வேண்டியிருக்கும், வீடுகளையும் காலி பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பட்டறையில் மூத்த கை ரேடியோவின் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் ரேடியோவிடம் ஒரே முடிவாகச் சொன்னார்.

"இலைய முடிக்கிறது ஒண்ணும் பெரிசில்ல. தப்புப் பண்ணினவன் மாதிரி போய் முடிக்கிறதுதான் பெரிசு. போகாதே."

போகாமல் எப்படி? தன் வாயால் வந்த வினையைத் தன் கையாலேயே தீர்த்துவிட்டால் அத்தனை குடும்பமும் தப்பிக்கும் என்று ரேடியோ கிளம்பிவிட்டார்.

முதல் வீட்டில் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. எல்லார் கையிலும் போன். எந்த மந்திரமும் போடாமல் வேலையைப் பார் என்றார் வீட்டுக்காரர். ரேடியோ தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பேசுகிற மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. உளியை எடுத்து இலையின் மேல் வைத்தார். உதடு தானாக அசைந்தது.

உளி மரத்தைத் தொடும் முன்னே பிஸ்மில்லாஹ், அல்லாஹ்வின் பெயரால் என்று சொல்லாமல் அந்தக் கை ஒருநாளும் வேலை செய்ததில்லை. பசித்தவன் வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி அது தன்னால் வருவது. அவருக்கே தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் அத்தனை போனும் அதைப் பிடித்துவிட்டது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, இப்பவும் என்னமோ ஓதுறான்."

கையை நெஞ்சில் வைத்து, ஐயா அது சோற்றில் கை வைத்தாலும் சொல்லுவது, நல்ல வார்த்தை என்று கெஞ்சினார். யார் காதில் ஏறும்? உளியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் உதடு ஊர் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. கதவுகள் கழற்றப்பட்டுப் பட்டறை வாசலுக்கே திரும்பி வந்தன. அந்த வாரமே பட்டறைக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வரிசை வீடுகளில் எல்லாரும் சாமான் கட்டினார்கள். ஒருவரும் ரேடியோவைத் திட்டவில்லை. திட்டினாலாவது பதில் சொல்லியிருக்கலாம். கேள்வியம்மா போனில் அழுதாள், உண்மையை விளக்கி இன்னொன்று எழுதுகிறேன் என்றாள். "எழுதினது போதும்மா," என்று சொல்லி அவர் மனைவி போனை வைத்துவிட்டாள். தங்கச்சி மாதிரி நினைத்தவளிடம் இப்படிச் சொல்ல நேர்ந்ததே என்று பிறகு அவளும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார் ரேடியோ. எது போனாலும் அந்த இடம் தனக்கு உண்டு என்றுதான் போனார். அங்கே ராஜாவும் கூலியும் தோளோடு தோள் சேர்ந்துதான் நிற்க வேண்டும். வரிசையில் மச்சானுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. ரேடியோ அங்கே போய் நின்றார். மச்சான் அவரைவிட்டு விலகி அந்தப் பக்கமாக நகர்ந்தார். அவரோடு சேர்ந்து வரிசை முழுவதும் நகர்ந்தது. இடைவெளி விடாமல் சேர்ந்து நில்லுங்கள் என்றார் இமாம். யாரும் அசையவில்லை. ரேடியோ ஓர் எட்டு நெருங்கி மச்சானின் தோளோடு தோளை வைத்தார்.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"இங்க எடமில்ல. பின்னால போ."