முந்தானை நெய்தவள்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நிலாதான் லண்டன் கணவன். பதினோராம் வகுப்பில் அவளைவிட உயரமான பெண் இல்லாததால் மீசையை அவளுக்கு ஒட்டினார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய கதை. ஆங்கில டீச்சர் தமிழில் எழுதியிருந்தார். மனைவி கதை எழுதுகிறாள். புத்தகம் கணவன் பெயரில் வருகிறது. மனைவி சம்பாதிப்பதெல்லாம் கணவனுடையது என்பது அந்த ஊரில் அன்றைய சட்டம்.

"நாட்டை ஆண்டதே ஒரு ராணிதானாம். அங்கயே பொம்பளைக்கு இந்த கதியா?" என்றாள் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள்.

நிலாவின் அம்மா சுபலட்சுமிக்கு நாடகத்தில் பாதி மனம்தான். மறுநாள் காலை நெசவாளர் அடையாள அட்டைக்குப் பெயர் எழுத அரசு அதிகாரி தெருவுக்கு வருகிறார். அதோடு பெயர் பதியும் முகாம் முடிகிறது. சேலையின் உடலை அவள் கணவன் கிரண் நெய்வான். பூவேலை நிறைந்த முந்தானையைப் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் நெய்கிறாள். "வூட்டுக்கு ஒரு அட்டை போதும்" என்று கிரண் இரண்டு முறை சொல்லிவிட்டான்.

மேடையில் கணவன் மனைவியைக் கூப்பிட, தலை நிமிராமல் கைத்தடியால் மேசைக்காலில் இரண்டு தட்டு தட்டினான். சுபலட்சுமி சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். பின்வரிசையிலும் இரண்டு பெண்கள் எழுந்து, அசடு வழிய உட்கார்ந்தார்கள். தறியில் நூல் தீர்ந்தால் ஆண்கள் கட்டையில் இப்படித்தான் தட்டுவார்கள். நூல் சுற்றிய தாரை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெண் ஓட வேண்டும்.

"எங்க எழுந்துகினு போற?" கிரண் அவள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தான்.

திரும்பும்போது வண்டியில் அவன் மகளைக் கேட்டான். "அந்தத் தட்டு டீச்சர் சொல்லிக் குடுத்ததா?"

"இல்லப்பா. அவங்க மணி அடிக்கச் சொன்னாங்க. எனக்குத் தட்டதான் வந்தது."

ஆற்றுப் பாலம் தாண்டியதும், "நான் அப்படியா மூஞ்சி பாக்காம தட்றேன்?" என்றான்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் தாரப் பாத்துகினு வருவேன்," என்றாள் சுபலட்சுமி.

காலையில் அதிகாரி இளவரசன் வந்தார். "இந்தத் தறில நெய்யறது யாருங்க?"

"நான்தான் சார்," என்றான் கிரண்.

"முந்தானை நானுங்க." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"சும்மா ஒத்தாசைக்கு சார்," என்றான் கிரண்.

"ஒத்தாசைன்னா எழுத முடியாது. நெய்ஞ்சா எழுதலாம். கொஞ்சம் நெய்ங்கம்மா, பாக்கறேன்."

அவள் தறிக்குழியில் இறங்கினாள். ஒரு விரல் அகலம் நெய்வதற்குள் நூல் தீர்ந்தது.

"தார் குடுங்க," என்றாள் கணவனிடம்.

கிரண் ராட்டைக்குப் பின்னால் பார்த்தான். ஜன்னல் மேல் பார்த்தான். அலமாரியைத் திறந்து மூடினான். அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கதான் வெச்சிருக்க?"

"கூடைல, ஈரத்துணி சுத்தி."

எடுத்து வந்தான். பச்சை.

"அது உடலுக்கு. அரக்கு குடுங்க."

மறுபடி போனான். அதிகாரி பேனாவைத் திறந்து, "பேரு சொல்லுங்கம்மா," என்றார்.

"சுபலட்சுமி," என்றாள் அவள், அரக்குத் தாருக்குக் கையை நீட்டியபடியே.