தெண்டார் இன்னும் கிளம்பவில்லை

சேலத்தில் ஸ்வெட்டர் மூட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிப் பைலகுப்பே திபெத்திய மடாலயத்துக்கு ஓடி வந்தேன். என் தம்பி தெண்டாரின் மூச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது. பாவி, சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்திருந்தான். முகத்தில் களை கூடப் போகவில்லை.

ஒன்பது வருடமாக அவனோடு பேச்சில்லை. அம்மா செத்தபோது அவன் மூன்று வருடத் தனிமைத் தியானத்தில் இருந்தான். கதவை அடி அடியென்று அடித்தேன், திறக்கவில்லை. ‘இங்கிருந்தே அம்மாவோடுதான் இருக்கிறேன்’ என்று ஒரு சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். “நீயெல்லாம் மனுஷனாடா!” என்று கத்திவிட்டு வந்தவள்தான். எங்கள் ஜனங்களில் சமாதானம் என்றால் நெற்றியோடு நெற்றி முட்டுவது. அதற்காகத்தான் ஓடி வந்தேன்.

குனியப் போனவளைப் பிக்கு ஜம்பெல், எங்கள் மொழியில் அக்கா என்று கூப்பிட்டு மறித்தார். “அச்சா லா, தொடாதீங்க! மூச்சு நின்னாலும் இன்னும் உள்ளதான் இருக்காரு. தியானம் கலைஞ்சிரும். இங்க அழவும் கூடாது.”

“அழறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?”

“தோட்டத்துப் பக்கம் போய் எவ்ளோ வேணா அழுங்க.”

ஆராய்ச்சிக்காக அவன் தலையில் ஒயர் ஒட்டியிருந்த டாக்டர் செவாங்கைப் பிடித்துக்கொண்டேன். அவரும் எங்கள் அகதி கேம்ப்புக்காரர்தான். “மழுப்பாம சொல்லுங்க. இருக்கானா, போயிட்டானா?”

“கருவியில ஒண்ணும் வரல. மூளை ஓஞ்சு போச்சு. ஆனா மூணு நாளாச்சு, உடம்புல வாடை இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல.”

“இவ்ளோ படிச்சு இதுதானா?”

“இது மூளையத்தான் பாக்கும், அச்சா லா. ஆள் இருக்காரான்னு பாக்க இன்னும் கருவி வரல.”

அவன் போய்விட்டான் என்றால் முட்டி என்ன பயன்? இருக்கிறான் என்றால் முட்டவே கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே அவனைத் திட்டினேன். திட்டித் தீர்ந்ததும் மன்னிப்பும் கேட்டேன். காதில் விழுந்ததோ என்னவோ, யார் கண்டது.

ஆறாம் நாள் மதியம் ஜம்பெல் சாப்பிடப் போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். குனிந்தேன். நெற்றிக்கும் நெற்றிக்கும் நான்கு விரல்தான் இடைவெளி. அப்போது அந்தப் பழைய கதவு ஞாபகம் வந்தது. மறுபடியும் அதையேதான் செய்யப் பார்க்கிறேன்! நிமிர்ந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பேசிக்கொண்டே வந்தவர்களை விரட்டினேன்: “சத்தம் போடாதீங்க. என் தம்பி உள்ள இருக்கான்.”

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி சாயங்காலம் வரை அவனோடுதான் இருந்தேன். அவன் சீட்டில் எழுதியது அன்றுதான் புரிந்தது.

மறுநாள் காலை அவன் தலை மெல்லச் சாய்ந்தது.

“கிளம்பிட்டாரு,” என்றார் ஜம்பெல். “மூணு நாள் இருக்கறதே பெருசு. ஏழு நாள் இருந்திருக்காரு.”

“எனக்காகவா?”

“அது எனக்குத் தெரியாது, அச்சா லா.”

“எனக்குத் தெரியும். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?”

நெற்றியை முட்டினேன். சில்லென்று இருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் முன்பே கேட்டாயிற்று. சொல்ல ஒன்றுதான் பாக்கி.

“போயிட்டு வாடா.”