ரான்ஸ்ஃபர்டின் கப்பல் பதிவேட்டில் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பாதி கிளோவிஸ் பார்ட்லியின் பொறாமை, மீதி என்னுடையது.

தொடக்கத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். "போர்ட் ராயல் கோட்டையின் பீரங்கிகள் மேல் மாலை வெயில்..." சீ, சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. "1692 ஜூன் 7, நண்பகலுக்குச் சற்று முன்..." பூகம்பம் இந்த ஊரைக் கடலுக்குள் இறக்கிய நாள், கிளோவிஸின் தொடக்கம். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் சொல்கிறார், கூட்டம் தேய்ந்ததும் இதனால்தான். "பொறாமை என்பது ஒரு..." வேண்டாம். அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிளோவிஸ் எங்கள் ஊர்க் கோட்டையில் வழிகாட்டி. வந்தவர்களுக்குக் கடற்கொள்ளையர் வரலாறு சொல்பவர். ஐயோனி அவருடைய மனைவி. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கோட்டைக்கு வந்து, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, நூறு தடவை கேட்டதையே வாய் பிளந்து கேட்பார். போன ஜூனிலிருந்தும் சனிக்கிழமை வருகிறார். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கதை சொல்ல வந்த ரான்ஸ்ஃபர்டின் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

அவ்வளவுதான் கதை. ஐயோனி திரும்ப இந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும். கிளோவிஸுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம்.

2

ரான்ஸ்ஃபர்டை எனக்குப் பிடிக்காது. (எழுதுபவன் தன் பாத்திரத்தை வெறுக்கக் கூடாதாம். அப்படிச் சொன்னவர் ரான்ஸ்ஃபர்டைப் பார்த்திருக்க மாட்டார்.) ஐம்பத்திரண்டு வயது ஆளை "அவன்" என்றுதான் எழுதப்போகிறேன், மன்னியுங்கள். போன வருடம் வரை மீன் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு புத்தகத்தைப் புரட்டியவனில்லை. டமாரிஸ் என்று ஒரு கொள்ளைக்காரிக் கேப்டன், 'நீலப் புறா' என்று அவளுக்கு ஒரு கப்பல், பூகம்பத்தன்று ரம் பீப்பாய்க்குள் அவள் ஒளித்துவைத்த காதலன். எல்லாம் அவனே கட்டியது. கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள்.

நான் மூன்று நாவல் எழுதியிருக்கிறேன். யாரும் மூக்கைச் சிந்தியதாகத் தகவல் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐயோனி அடுப்படியில் மரவள்ளி ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார். கிளோவிஸ் வாசலிலேயே நின்றார்.

"எங்க போயிருந்த?"

"கோட்டைக்கு."

"நானும் கோட்டையிலதான் இருந்தேன்."

"கோட்டை பெருசு, கிளோவிஸ்."

"அவன் சொல்றது அத்தனையும் புளுகு. டமாரிஸ்னு ஒருத்தி இருந்ததே கிடையாது."

"இல்லாதவ மேல உனக்கு என்ன இவ்வளவு ஆத்திரம்?"

"அந்தக் கொள்ளைக்காரனுங்க நம்ம ஆளுங்கள சந்தையில வித்தவனுங்க, ஐயோனி! சண்டையில அவனுங்கள்ல ஒருத்தனுக்கு வலது கை போச்சுன்னா நஷ்டஈடு ஆறு அடிமை. ஆறு மனுஷன்! அதை நான் சொன்னா எழுந்து மீன் திங்கப் போயிடறாங்க. இவன் என்னடான்னா அவனுங்களுக்குக் காதல் கல்யாணம் பண்ணி வைக்கிறான்."

"நீ சொல்றது சரிதான். எப்பவுமே நீ சொல்றது சரிதான்" என்று ஐயோனி ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

(இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். என் மனைவியும் இதே குரலில் இதைச் சொல்லியிருக்கிறாள்.)

3

கிளோவிஸ் மூன்று வாரம் ஸ்பானிஷ் டவுன் ஆவணக் காப்பகத்துக்கு அலைந்தார். நானும் கூடப் போனேன். உதவி செய்யத்தான் போனேன் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். ரான்ஸ்ஃபர்ட் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

பூகம்ப வருடத்துத் துறைமுகப் பதிவேட்டில் நீலப் புறா இல்லை. முன் வருடத்திலும் இல்லை, அதற்கு முந்தியதிலும் இல்லை. கிளோவிஸ் நகல் எடுத்துச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தார்.

"ஐயோனி முன்னாடியே படிக்கப் போறேன், ரைட்டர். அவளுக்குப் புரியட்டும், யாரு மனுஷன், யாரு புளுகன்னு."

4

முதல் முடிவு: கிளோவிஸ் பதிவேட்டைப் படிக்கிறார். ரான்ஸ்ஃபர்ட் தலை குனிகிறான். ஐயோனி எழுந்து, கணவரின் கையைப் பிடித்து, மதிலைத் தாண்டி இந்தப் பக்கம்...

இதை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்தது வேறு.

ரான்ஸ்ஃபர்டின் கதையில் டமாரிஸ் பீப்பாயின் மூடியில் கை வைக்கும் இடம். ஐயோனி முதல் வரிசையில். கிளோவிஸ் நகலை உயர்த்திப் பிடித்தபடி நடுவில் புகுந்தார்.

"ஒரு நிமிஷம்! நீலப் புறான்னு ஒரு கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்ததே இல்ல. இதோ பதிவேடு! நீங்க அழற அழுகை அத்தனையும் வீண்!"

ரான்ஸ்ஃபர்ட் கோபித்துக்கொள்ளவில்லை. "வாத்தியாரே, இன்னும் நாலு வரிதான் பாக்கி. முடிச்சுக்கட்டுமா?" என்றான். முடித்தான். பீப்பாய் காலியாக இருந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி, வானத்தைப் பார்த்து, "ஜாக் மண்டோரா, இதுல எதையும் நான் பொறுக்கி எடுக்கல!" என்றான். ஐயோனியும், பின்னால் நின்ற மீன்காரப் பெண்களும் கூடவே சொல்லிச் சிரித்தார்கள்.

இந்தத் தீவில் கதை சொன்னால் இப்படித்தான் முடிக்க வேண்டும். சொர்க்கத்து வாசல்காரன் ஜாக் மண்டோராவிடம் "இது கதை, இதற்கு என்னைக் கணக்குக் கேட்காதே" என்று கைகழுவுவது. பேச்சு வந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும், கிளோவிஸுக்குத் தெரியாதா? ஆனால் அவர் ஒருநாளும் ரான்ஸ்ஃபர்டின் கதையைக் கடைசிவரை கேட்டதில்லை. வயிறு எரிய எரிய, ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து போயிருக்கிறார். அதனால் கதையைப் பொய்ச்சாட்சி என்று நினைத்துவிட்டார்.

"மிஸ்டர் பார்ட்லி" என்றார் ஐயோனி. கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். "வீட்டுக்குப் போலாம் வாங்க."

வழியில் கிளோவிஸ் கேட்டாராம்: "அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"அவன் எங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்றான். நீ தேதியப் பார்த்துச் சொல்ற."

5

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. ஐயோனி திரும்பி வந்தார் என்று எழுதினால் பொய். வரவில்லை என்று எழுத மனசு வரவில்லை. அப்போதுதான் ஒரு மடத்தனம் செய்தேன். பொரித்த மீன் கடையில் ரான்ஸ்ஃபர்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, இதுவரை எழுதியதையெல்லாம் அவனிடமே சொல்லிவிட்டேன்.

முள்ளைத் துப்பிக்கொண்டே கேட்டான். "முடிவு வரலையா, அண்ணே? ஐயோ பாவம். என்கிட்ட விடுங்க."

அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னான். ஒரு கொள்ளைக் கப்பலில் பதிவேடு எழுதும் ஆள். உண்மையைத் தவிர எதுவும் எழுதாதவன். அவன் மனைவியோ கரையில் ஒரு புளுகனின் கதை கேட்கப் போகிறாள். நான் நான்கு தடவை அடித்து எழுதிய தொடக்கத்தை அவன் ஒரு மூச்சில் தாண்டினான். வலது கை போனவனுக்கு ஆறு அடிமை என்பதையும் வைத்தான். அந்த ஆறு பேருக்கும் பெயர் வைத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஐயோனி வழக்கம்போல முதல் வரிசையில். கிளோவிஸ் கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கல்லில் தொப்பியை வைத்து இடம் பிடித்திருந்தார்.

பதிவேட்டுக்காரனின் மனைவி எழுந்து நின்று திரும்பிப் பார்க்கும் இடம் வந்தது. ஐயோனிக்குப் பக்கத்தில் என் மனைவி, என் சொந்த மனைவி, கன்னத்தில் கை வைத்து ரான்ஸ்ஃபர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

"ஷ்... உட்காருங்க ரைட்டர், மறைக்குது" என்றார் கிளோவிஸ்.

நான் வெளியே வந்துவிட்டேன். அதனால் அவன் எப்படி முடித்தான், அந்தத் தொப்பி இருந்த கல்லில் யாராவது உட்கார்ந்தார்களா, எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சொல்கிறான். நீங்கள் போய்க் கடைசிவரை இருந்து கேளுங்கள். நன்றாக இருந்தால் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.