கதவு திறக்கக் கூடாது

ஜேர்மனியின் எசன் நகரில் பத்தாம் வகுப்புக்கு இலக்கியம் நடத்தும் ஆசிரியை கிரூகர், கட்டுரை எழுதுவிப்பதை நிறுத்திவிட்டார். கட்டுரை என்றால் திருத்த வேண்டும். மாணவர்கள் எடுத்த படம் என்றால் பார்த்தால் போதும்.

வகுப்பில் ஆதிரையின் குழுவுக்குப் படமாக்க ஒரு சிறுகதை கிடைத்தது. ஒருவன் மேசையில் இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டு மனைவிக்காகக் காத்திருக்கிறான். அவள் வரவில்லை. கதை அவ்வளவுதான். குழுவில் அதை வாசித்தவள் ஆதிரை மட்டும். திரைக்கதையையும் அவளே எழுதினாள். மேசை, கோப்பைகள், மூடிய கதவு. கதவு திறக்கக் கூடாது என்பதன் கீழே கோடிட்டாள். நல்ல புள்ளி வந்தால்தான் மேல்வகுப்பில் இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க கிரூகர் பரிந்துரைப்பார். அவளுக்கு வேறு பாடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

படம் பிடிக்க, குழுவில் இருந்த வினோஜனின் தகப்பன் நவரத்தினம் வந்தார். சாமத்தியவீடு எனும் பூப்பு விழாக்களுக்கு வீடியோ எடுப்பவர். பெண்பிள்ளைகளைப் புகைக்குள்ளிருந்து நடக்கவிட்டே பேர் வாங்கியவர். புகை இயந்திரத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"ஆர் பிள்ளை வாறது?"

"ஒருத்தரும் வரேல்லை, மாமா. அதுதான் கதை."

"ஒருத்தரும் வராட்டி நான் புகையை எங்கை விடுறது?"

வினோஜன் சிரித்தான். குழுவின் இன்னொரு மாணவி மியா, மனைவியாக நடிக்க ஏற்கெனவே வெள்ளை உடுப்பில் வந்திருந்தாள். கதவு திறந்தது. மியா மிக மெதுவாக உள்ளே வந்தாள். ரோஜா இதழ்கள் விழுந்தன. கணவனாக நடித்த வினோஜனுக்குக் கண் கலங்கியது. புகை.

வகுப்பில் படத்தைப் பார்த்த கிரூகருக்கும் கலங்கியது. கதையின் ஆன்மாவைத் தொட்டுவிட்டீர்கள் என்றார். ஆதிரை கையை உயர்த்தி, கதையில் அவள் வருவதே இல்லை என்றாள். கிரூகர் புத்தகத்தைப் பார்த்தார். திறக்கவில்லை. துணிச்சலான வாசிப்பு என்றார். அந்தப் புகையில் உங்கள் பண்பாடு தெரிகிறது என்றும் சொன்னார்.

தன் பேரை நீக்கிவிடும்படி ஆதிரை கேட்டாள். பேர் இல்லையென்றால் புள்ளி இல்லை, பரிந்துரையும் இல்லை என்றார் கிரூகர். அவள் தெரியும் என்றாள்.

நவரத்தினத்துக்கும் தொலைபேசியில் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை.

"பேரை எடுக்கலாம் பிள்ளை. ஆனா அந்த இடம் வெறுமையாக் கிடந்தா வடிவில்லையெல்லோ."

பெற்றோர் கூட்டத்தன்று மண்டபத்தில் படம் ஓடியது. முடிவில் எழுத்துகள் ஏறின. 'திரைக்கதை' என்ற சொல்லுக்குக் கீழே நவரத்தினத்தின் தொலைபேசி இலக்கம் இருந்தது. கிரூகர் எழுந்து நின்று கைதட்டினார். முன்வரிசையில் இரண்டு தாய்மார் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள்.